மைக் ஆன்ல இருக்கு

பேய்ப்படம் பார்க்கறதுக்குன்னு எனக்கு மூணு கொள்கை உண்டு மக்களே. ராத்திரி பத்து மணிக்கு மேல பார்க்கக் கூடாது. தனியா பார்க்கக் கூடாது. ஹெட்போன் மாட்டிக்கிட்டு பார்க்கவே கூடாது. போன ஆகஸ்ட் மாசம் ஒரு ராத்திரி இந்த மூணையும் ஒரே நேரத்துல காத்துல பறக்க விட்டேன். ரூம்மேட் ஊருக்குப் போயிருந்தான். மணி ராத்திரி ஒண்ணு. காதுல ஹெட்போன். எதிர்ல 'பூத்'னு ஒரு ஜப்பான் படம்.

பயந்தியான்னு கேட்டா, பயந்தேன். ஆனா நான் பயந்தது பேய்க்கு இல்ல. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

அந்த நேரத்துல எதுக்கு முழிச்சிருந்தேன்னு முதல்ல சொல்லிடறேன். எங்க டீமோட கிளையண்ட் டோக்கியோவுல இருக்காங்க. நமக்கும் அவங்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்க காலைல ஆறு மணின்னா இங்க ராத்திரி ரெண்டரை. ராத்திரி ஓடற பேட்ச் ஜாப் எல்லாம் ஒழுங்கா முடிஞ்சுதான்னு அந்த நேரத்துக்கு ஒரு கால்ல எல்லாரும் உட்கார்ந்து சரி பார்க்கணும். வாரத்துக்கு ஒருத்தர்னு முறை வச்சு இந்த ஆணியைப் புடுங்கறோம். அந்த வாரம் என் முறை. தூங்கிட்டா எந்திரிக்க மாட்டேன்னு நல்லா தெரியும், அதனால படம்.

அந்தப் படத்தை எனக்குச் சொன்னதே டோக்கியோ பக்கம் இருக்கற ஒரு பெரியவர்தான். ரொம்ப மரியாதையான மனுஷன். கால் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் வெயிலைப் பத்திப் பேசுவார். "இங்க பயங்கரப் புழுக்கம், பேய்க்கதை கேட்கற சீசன் வந்துடுச்சு"ன்னார். எனக்குப் புரியல. வெயிலுக்கு நாம மோர் குடிப்போம், நுங்கு சாப்பிடுவோம். பேய்க்கும் வெயிலுக்கும் என்னங்க சம்பந்தம்?

சம்பந்தம் இருக்காம். ஆகஸ்ட் நடுவுல 'ஓபோன்'னு ஒரு பண்டிகை. செத்துப்போன முன்னோர்கள் வீட்டுக்கு வந்துட்டுப் போற நாட்கள். ஆக, கோடைதான் அங்க ஆவிகள் நடமாடற காலம். இன்னொண்ணு, கதை கேட்டா முதுகுத்தண்டு சில்லுனு ஆகும் இல்லையா, ஏசி இல்லாத காலத்துல அதுவும் ஒரு குளிர்ச்சிதான் :) இந்தப் பேய்க்கதைகளுக்கு 'கைதான்'னு பேரு. நம்ம கை கால் இல்லீங்க, அது தனி வார்த்தை. நானும் சும்மா இருக்காம "ஒரு நல்ல கைதான் படம் சொல்லுங்க"ன்னு கேட்டு வச்சேன். மூணு பேரு டைப் பண்ணி அனுப்பினார். ரெண்டு எனக்குத் தெரிஞ்சது. மூணாவதுதான் 'பூத்'.

2005ல வந்த படம். இயக்குனர் யோஷிஹிரோ நகமுரா. ஓடற நேரம் ஒண்ணே கால் மணி நேரம்தான் இருக்கும். பாட்டு இல்ல, சண்டை இல்ல, ஊர் சுத்தல் இல்ல. முக்கால்வாசிப் படம் ஒரு வானொலி நிலையத்தோட பழைய ஸ்டுடியோவுக்குள்ளயே நடக்குது.

கதை இதுதான். கட்சுமதான்னு ஒரு ரேடியோ ஜாக்கி. ரியுதா சதோ நடிச்சிருக்கார். ராத்திரி நிகழ்ச்சி நடத்தறவர். காதல்ல அடிபட்டவங்க போன் பண்ணுவாங்க, இவர் தேன் மாதிரிப் பேசி ஆறுதல் சொல்லுவார். மைக் அணைஞ்சதும் ஆளே வேற. கூட வேலை செய்யறவங்களைக் காலுக்குக் கீழ போட்டு மிதிக்கிற ஜாதி. நிலையம் வேற கட்டடத்துக்கு மாறிக்கிட்டு இருக்கு. அதனால அன்னைக்கு ராத்திரி மட்டும் ரொம்ப நாளா யாரும் பயன்படுத்தாத ஆறாம் நம்பர் ஸ்டுடியோவுல உட்கார்ந்து நிகழ்ச்சி நடத்தச் சொல்றாங்க. அந்த அறைல பல வருஷத்துக்கு முன்னாடி நிகழ்ச்சி நடத்தினவர் ஒருத்தர் தற்கொலை பண்ணிக்கிட்டார்னு ஒரு பேச்சு.

அன்னைக்கு நேயர்களுக்குக் கொடுத்த தலைப்பு, 'என்னால மன்னிக்கவே முடியாத ஒரு வார்த்தை'. உங்ககிட்ட யாரோ எப்பவோ சொன்னது, இன்னைக்கு வரைக்கும் உள்ள குத்திக்கிட்டு இருக்கறது, அதைக் கூப்பிட்டுச் சொல்லுங்க. ஒருத்தர் ஒருத்தரா கூப்பிடறாங்க. அப்படிப் பேசிட்டு இருக்கும்போதே லைன் நடுவுல இன்னொரு குரல் வருது. ஒரே ஒரு வார்த்தை. 'உசோட்சுகி'.

எனக்குத் தெரிஞ்ச ஜப்பானிய மொழி ரொம்பக் கம்மி. கால் முடியும்போது சொல்ற வணக்கம், நன்றி, மன்னிச்சுக்கோங்க, அவ்வளவுதான். ஆனா இந்த வார்த்தை தெரியும். சப்டைட்டில் வரதுக்கு முன்னாடியே புரிஞ்சுடுச்சு. பொய்யன்.

அதுக்கப்புறம் நேயர்கள் சொல்ற ஒவ்வொரு கதையும் கட்சுமதாவுக்கு அவன் வாழ்க்கையில அவன் செஞ்சதை ஞாபகப்படுத்துது. சின்ன வயசுல ஒருத்தி, வளர்ந்தப்புறம் ஒருத்தி. யாரோ ஒருத்தர் பட்டதைச் சொல்றாங்க, இவனுக்குத் தான் பண்ணது கண்ணு முன்னால ஓடுது. எதிர்ல ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சிக் குழு. அவங்க உதடு அசையறது தெரியும், பேசறது கேட்காது. இவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கா? எல்லாரும் சேர்ந்துதான் நம்மளை வச்சு விளையாடறாங்களா? இல்ல நிஜமாவே அந்த அறைல ஏதோ இருக்கா? படம் பூரா இந்த ஊசலாட்டம்தான். கடைசி பத்து நிமிஷத்தை நான் சொல்ல மாட்டேன், நீங்களே பார்த்துக்கோங்க.

ஜப்பான் பேய்ப்படங்கள் கொஞ்சம் பார்த்தவங்களுக்கு ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கும். அந்தக் காலகட்டத்துல ஒவ்வொரு படத்துலயும் பேய் ஒவ்வொரு மெஷின் வழியா வந்தது. 1998ல 'ரிங்', வீடியோ கேசட். 2001ல 'பல்ஸ்', இன்டர்நெட். 2003ல 'ஒன் மிஸ்டு கால்', பேரே சொல்லிடுது. இந்த வரிசைல 2005ல ஒருத்தர் ரேடியோவைக் கையில எடுக்கறார்னா அது பின்னோக்கிப் போற மாதிரி இருக்கு. நான் கேட்ட நண்பர்கள்ல ஒருத்தருக்குக் கூட இந்தப் படம் பேரு தெரியல. தலைமுடியைத் தொங்கவிட்டுக்கிட்டு டிவியிலிருந்து வெளிய வர பொண்ணு முன்னாடி, வெறும் குரலை யாரு கண்டுக்கப் போறாங்க?

ஆனா அந்த ஊர்ப் பேய்க்கதைகளைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தா, ரேடியோதான் அதுங்களுக்குச் சொந்த வீடுன்னு தோணுது. ஏன்னா அதெல்லாம் ஆரம்பத்துலேர்ந்தே காதால கேட்கற கதைகள்.

எடோ காலத்துல ஒரு விளையாட்டு இருந்திருக்கு. 'ஹ்யாகு மோனோகதாரி', அதாவது நூறு கதை. ராத்திரி எல்லாரும் கூடி உட்காருவாங்க. நீலக் காகிதம் ஒட்டின விளக்குல நூறு திரி. ஒருத்தர் ஒரு பேய்க்கதை சொல்லி முடிச்சா ஒரு திரியை அணைக்கணும். கதை ஏற ஏற வெளிச்சம் குறையும். நூறாவது திரி அணைஞ்சதும் ஏதாவது ஒண்ணு வந்து நிக்கும்னு நம்பிக்கை. 1666ல வந்த ஒரு கதைத் தொகுப்புலயே இந்த விளையாட்டோட விதிமுறை இருக்கு. இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, முக்கால்வாசிப் பேரு தொண்ணூத்தொன்பதோட நிறுத்திக்குவாங்களாம். நம்பிக்கை இருக்கோ இல்லையோ, எதுக்கு வம்பு :)

பத்தொன்பதாம் நூற்றாண்டுல சன்யூதெய் என்ச்சோன்னு ஒரு கதைசொல்லி. 1900ல காலமானவர். மேடைல உட்கார்ந்து ஒரு விசிறியை வச்சுக்கிட்டே கதை சொல்லி ஊரைக் கட்டிப் போட்டவர். அவரோட 'பொதான் தோரோ' கதைல செத்துப்போன காதலி ராத்திரி ராத்திரி காதலனைத் தேடி வருவா. ஜப்பான் பேய்க்குப் பொதுவா காலே கிடையாது, ஓவியங்கள்ல இடுப்புக்குக் கீழ புகை மாதிரி கலைஞ்சு போயிருக்கும். ஆனா இந்தப் பேய் வரும்போது மரச்செருப்புச் சத்தம் கேட்கும். கராங் கொரோங், கராங் கொரோங். கண்ணுக்குக் கால் இல்ல, காதுக்கு இருக்கு. 1884ல இந்தக் கதையை அவர் பேசப் பேசச் சுருக்கெழுத்துல எடுத்துப் புத்தகமா போட்டாங்க.

ஜப்பான்ல வானொலி ஒலிபரப்பு 1925ல ஆரம்பிச்சது. 1967ல 'ஆல் நைட் நிப்பான்'னு ஒரு நிகழ்ச்சி, ராத்திரி ஒரு மணிக்கு மேல, பரிட்சைக்குப் படிக்கற பசங்களுக்குத் துணையா. அது இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு. 1970கள்ல அந்த மைக்குக்கு முன்னாடி உட்கார்ந்து பேசினவர்கள்ல ஒருத்தர் ஜுன்ஜி இனகவா. ராத்திரி ரேடியோல பேசிப் பேர் வாங்கினவர், பின்னால பேய்க்கதை சொல்றதையே தொழிலா எடுத்துக்கிட்டார். 1993லேர்ந்து ஒவ்வொரு கோடைக்கும் ஊர் ஊரா போய் மேடைல பேய்க்கதை சொல்றார். டிக்கெட் வாங்கிட்டு வந்து ஜனங்க பயந்துட்டுப் போறாங்க.

ஆக, இருட்டு, தூங்காத காது, ஒத்தைக் குரல். பேய்க்கதைக்கு இதுக்கு மேல என்ன வேணும்? நகமுரா ரேடியோவைத் தேர்ந்தெடுத்தது பின்னோக்கிப் போறது இல்ல, வேருக்குப் போறது.

இந்த நகமுரா ஆளே அப்படித்தான்னு அப்புறம் தெரிஞ்சது. 'டார்க் வாட்டர்' (2002) திரைக்கதை எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர் இவர். 1999லேர்ந்து வீடியோவுல வந்துட்டு இருக்கற 'சாபம் பிடிச்ச வீடியோ' தொடரைத் தொடங்கி வச்சு, அதுக்குப் பின்னணிக் குரலும் கொடுத்தவர். 2009ல 'ஃபிஷ் ஸ்டோரி'னு ஒரு படம் எடுத்தார். அதுல ஒரு பாட்டுக்கு நடுவுல ஒரு நிமிஷம் வெறும் மௌனம் இருக்கும், அந்த மௌனத்துல ஒரு பொண்ணு அலறற சத்தம் கேட்கும்னு ஊர்ல ஒரு வதந்தி. 2016ல ஃபுயுமி ஓனோ நாவலை வச்சு 'சான்னே'. ஒரு வாடகை வீட்ல, பின்னாடி அறைல, பாயை யாரோ துடைப்பத்தால பெருக்கற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம் எங்கிருந்து வருதுன்னு தேடிப் போறதுதான் கதை. மனுஷன் காதை விட்டு நகரவே மாட்டேங்கறார்.

சரி, கதைக்கு வரேன். என் கதைக்கு.

படத்துல 'பொய்யன்'ங்கற அந்தக் குரல் முதல் தடவை வந்தப்ப நான் படத்தை நிறுத்திட்டேன். எந்திரிச்சுப் போய்த் தண்ணி குடிச்சேன். ஹாலுக்கு வந்தேன், லைட்டைப் போட்டேன். பேய்க்குப் பயந்து லைட் போட்டேன்னு நீங்க நினைச்சா அதுவே எனக்கு மரியாதை.

அதுக்கு முந்தின வருஷம் பிப்ரவரி. அதே ராத்திரி கால். அப்ப எங்க டீம்ல ஒரு பையன் இருந்தான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம். ஈரோட்டுப் பக்கம் ஒரு கிராமம். அப்பா கறவை மாடு வச்சிருக்கார், பால் ஊத்தின காசுலதான் இவன் இன்ஜினியரிங் முடிச்சான். இதெல்லாம் அவனே என்கிட்ட சொன்னதுதான். ஆபீஸ் வாசல் டீக்கடைல நின்னு அவன் வீட்டுக் கதை, என் வீட்டுக் கதை எல்லாம் பேசியிருக்கோம். என்னை 'அண்ணா'ன்னுதான் கூப்பிடுவான். வாய்க்கு வாய் அண்ணா.

அன்னைக்கு ராத்திரி அவன் முறை. ஊர்ல இருந்து வேலை பார்த்துட்டு இருந்தான். ஒரு ஸ்கிரிப்டைத் தப்பான தேதி கொடுத்து ஓட்டிட்டான். ஒரே ஃபைல் ரெண்டு தடவை போயிடுச்சு. என்னைத் தூக்கத்துலேர்ந்து எழுப்பினாங்க. கால்ல வந்து பார்த்தா பதினோரு பேர் உட்கார்ந்திருக்காங்க. நம்ம பக்கம், டோக்கியோ பக்கம், நடுவுல வேற யார் யாரோ. பையன் திக்கித் திக்கி இங்கிலீஷ்ல விளக்கிட்டு இருக்கான். ஒரே விஷயத்தை மூணாவது தடவை தப்பாச் சொன்னான். எனக்குத் தூக்கக் கலக்கம், எரிச்சல், நாளைக்கு நம்ம டேமேஜர் கிட்ட யாரு திட்டு வாங்கறதுங்கற கடுப்பு.

சொன்னேன். "மாடு மேய்க்க வேண்டியவனை எல்லாம் கொண்டு வந்து லேப்டாப்பைக் கொடுத்து உட்கார வச்சா இப்படித்தான்டா ஆகும்."

மியூட்ல இருக்கேன்னு நினைச்சேன். இல்ல.

ஜப்பான் வானொலில நிகழ்ச்சி நடத்தறவர் மேஜை மேல ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதுல ஒரு லீவர். அதுக்குப் பேரு 'கஃபு'. இருமலுக்கான இங்கிலீஷ் வார்த்தைதான் அங்க போய் அப்படி ஆயிடுச்சு. மேல தள்ளினா மைக் உயிரோட இருக்கும், கீழ இறக்கினா அணைஞ்சுடும். இருமல் வந்தா இறக்கிட்டு இருமிக்கலாம், ஊருக்குக் கேட்காது. அதே மாதிரி கொஞ்ச நேரம் சத்தமே வராம போச்சுன்னா அதுக்கும் அங்க ஒரு பேர் இருக்கு. ஒலிபரப்பு விபத்து.

எங்க கால்ல அன்னைக்கு நடந்தது அதுதான். விபத்து. பையன் டைப் பண்ணிட்டு இருந்த சத்தம் நின்னு போச்சு. நாலஞ்சு நொடி ஒண்ணுமே இல்ல. அப்புறம் அந்த டோக்கியோ பெரியவர் ரொம்பப் பணிவா, "மன்னிக்கணும், யாராவது ஏதாவது சொன்னீங்களா?"ன்னு கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். "சாரி, பேக்கிரவுண்ட் நாய்ஸ்."

பதினோரு பேர்ல தமிழ் தெரிஞ்சவங்க ரெண்டே பேர். நானும் அவனும். அந்த ராத்திரி எனக்கு அதுதான் பெரிய நிம்மதியா இருந்தது. எவ்வளவு கேவலமான நிம்மதின்னு இப்ப எழுதும்போதுதான் தெரியுது.

கால் முடிஞ்சதும் அவனுக்கு மெசேஜ் போட்டேன். "தப்பா எடுத்துக்காதடா, வீட்ல தம்பியைத் திட்டிட்டு இருந்தேன், மைக் ஆன்ல இருந்திருக்கு." ஒரு நிமிஷம் கழிச்சு பதில் வந்தது. "ஓகே அண்ணா."

நாலு மாசத்துல அவன் வேற கம்பெனிக்குப் போயிட்டான். என்னாலதான் போனான்னு சொல்ல முடியாது, அங்க சம்பளம் நல்லாவே ஜாஸ்தி. கடைசி நாள் எல்லாருக்கும் மைசூர்பாக் கொடுத்தான், எனக்கும் கொடுத்தான். சிரிச்சான். நானும் சிரிச்சேன். ஆனா அந்த நாலு மாசமும் ரெண்டு பேர் ஓரமா நின்னு பேசிச் சிரிச்சா எனக்கு வயித்துல கல் விழும். சொல்லியிருப்பானோ? இவனுக்குத் தெரியுமோ? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உதடு அசையறதைப் பார்த்துக்கிட்டு இருந்த கட்சுமதா நான்தான். அந்தப் படம் பார்க்கற வரைக்கும் அந்த உணர்ச்சிக்கு என்கிட்ட ஒரு உருவம் இல்ல.

இந்தப் படத்துல எனக்குப் பட்டது இதுதான். கேள்வி 'பேய் இருக்கா இல்லையா' இல்ல. அன்னைக்கு ராத்திரி கூப்பிடற நேயர்கள் சொல்றதைக் கவனிச்சுப் பாருங்க. சொன்னவங்க எப்பவோ மறந்துட்டாங்க. கேட்டவங்கதான் வருஷக்கணக்கா அதைச் சுமக்கறாங்க. ரேடியோல பேசறவனுக்கு கேட்கறவங்க முகம் தெரியாது. வார்த்தை போய் எந்த வீட்ல, எந்தக் காதுல விழுந்ததுன்னு அவனுக்கு என்னைக்கும் தெரியப் போறதில்ல. பேய்ங்கறது வேற ஒண்ணும் இல்ல, அந்தக் காது திரும்பிப் பேச ஆரம்பிக்கறதுதான்.

ஜப்பான்ல இதுக்கு ரொம்பப் பழைய கதை ஒண்ணு இருக்கு. லஃப்காடியோ ஹெர்ன் 1904ல போட்ட புத்தகத்துல முதல் கதை. 1964ல மசாகி கொபயாஷி அதைப் படமாவும் எடுத்தார். ஹோய்ச்சின்னு ஒரு கண்ணு தெரியாத பாட்டுக்காரன், பிவாங்கற நரம்பு வாத்தியம் வாசிப்பான். 1185ல தன்னோஉரா கடல் சண்டைல ஹெய்கே குலமே அழிஞ்சது, குழந்தைச் சக்கரவர்த்தி உட்பட. அந்தக் கதையைப் பாடறதுல இவன் கெட்டிக்காரன். ஒரு ராத்திரி ஒரு வீரன் வந்து, எங்க பிரபு கேட்கணும்கறார்னு கூட்டிட்டுப் போறான். பெரிய மாளிகை, நிறையக் கூட்டம்னு இவனுக்குத் தோணுது. பாடறான், எல்லாரும் விம்மி விம்மி அழறாங்க. மறுபடியும் ராத்திரி வரச் சொல்றாங்க. கோயில் ஆளுங்க பின்னாலேயே போய்ப் பார்த்தா, கொட்டற மழைல, சுடுகாட்டுல, அந்தக் குழந்தைச் சக்கரவர்த்தி கல்லறை முன்னாடி தனியா உட்கார்ந்து பாடிக்கிட்டு இருக்கான். கேட்டுக்கிட்டு இருந்தது அத்தனையும் செத்தவங்க. யாரோட கதையைப் பாடினானோ அவங்களே.

பாடறவனுக்குத் தெரியல, யார் கேட்கறாங்கன்னு. என்னைப் பொறுத்தவரைக்கும் ரேடியோ பேய்க்கதை மொத்தமும் இந்த ஒத்தை வரிக்குள்ள அடங்கிடும். (அப்புறம் குருக்கள் அவன் உடம்பு பூரா மந்திரம் எழுதி, காதுல மட்டும் எழுத மறந்துட, பேய் வந்து காதைப் பிச்சுக்கிட்டுப் போறது மீதிக் கதை. அங்கயும் காதுதான், பாருங்க.)

படம் முடிஞ்சப்ப மணி ரெண்டேகால். ரெண்டரை மணி காலுக்கு ஏறினேன். மியூட் பட்டனை மூணு தடவை பார்த்தேன். எல்லா ஜாபும் பச்சை. பெரியவர் வழக்கம்போல வெயிலைப் பத்திப் பேசினார். படம் பார்த்துட்டேன்னு சொன்னேன். "பயமா இருந்ததா?"ன்னார். "ரொம்ப"ன்னேன். சந்தோஷமா சிரிச்சார்.

அந்த ஞாயித்துக்கிழமை சாயந்தரம் பையனுக்குப் போன் பண்ணேன். ஒண்ணரை வருஷம் கழிச்சு. எடுக்க மாட்டான்னு நினைச்சேன், எடுக்கக் கூடாதுன்னு வேண்டிக்கக் கூட செஞ்சேன். ரெண்டாவது ரிங்லயே எடுத்துட்டான்.

"அண்ணா! எப்படிண்ணா இருக்கீங்க?"

ஊருக்கு வந்திருக்கானாம். வேலை, சம்பளம், டீம் எல்லாம் பேசினோம். அப்புறம் தொண்டையைச் செருமிக்கிட்டு சொன்னேன். "டேய், அன்னைக்கு ராத்திரி கால்ல மைக் ஆன்ல இருந்ததுல்ல. தம்பியைத் திட்டிட்டு இருந்தேன்னு சொன்னேன்ல. அது பொய்டா. உன்னைத்தான் சொன்னேன்."

"தெரியும்ணா."

"எப்படி?"

"உங்களுக்கு அக்கா மட்டும்தானேண்ணா. டீக்கடைல சொல்லியிருக்கீங்க."

என்ன சொல்றதுன்னு தெரியல. ஒரு பொய்யைக் கூட உருப்படியா சொல்லத் தெரியாத ஜென்மம் நான். மன்னிச்சுக்கடான்னு சொன்னேன். தூக்கக் கலக்கம், டென்ஷன் அது இதுன்னு காரணம் எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

"பரவால்லண்ணா. நான் அப்பவே விட்டுட்டேன்"னான். கொஞ்சம் நிறுத்தினான். "அப்பாதான். ஹெட்போன் ரிப்பேர்னு அன்னைக்கு ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தார்."

பதினோரு பேர்ல தமிழ் தெரிஞ்சவங்க ரெண்டே பேர்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேன் இல்லையா. பன்னண்டாவதா ஒருத்தர் இருந்திருக்கார்.

"அப்பா ஏதாவது சொன்னாராடா?"

"ஒண்ணும் சொல்லலண்ணா. நாலு மணிக்கு எந்திரிச்சுப் பால் கறக்கப் போயிட்டார்."

அப்பாகிட்ட போனைக் கொடுக்கறியான்னு கேட்டேன். யோசிச்சான். பின்னால ஏதோ பாத்திரம் வைக்கற சத்தம், ஒரு மாடு கத்தற சத்தம் கேட்டுச்சு.

"இப்ப வேணாம்ணா. இன்னொரு நாள் வீட்டுக்கே வாங்க."

சரின்னேன். அது வெறும் மரியாதைக்குச் சொன்னதா, நிஜமாவே கூப்பிட்டானான்னு இன்னும் எனக்குப் பிடிபடல. வர பொங்கலுக்கு அந்தப் பக்கம் போற வேலை ஒண்ணு இருக்கு. போய் நிக்கலாம்னுதான் இருக்கேன். அவர் முகத்தைப் பார்த்து என்ன பேசறதுன்னு யோசிச்சா, ஆறாம் நம்பர் ஸ்டுடியோ கதவைத் திறக்கற மாதிரி இருக்கு.

டிஸ்கி: 'பூத்' கிடைச்சா அவசியம் பாருங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல, தனியா, ஹெட்போன் போட்டு. மூணு கொள்கையையும் இன்னையோட கைவிட்டாச்சு. ஆனா கால்ல உட்கார்ந்திருக்கும்போது மட்டும் மியூட் பட்டனை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்துக்கோங்க. அதை விட, மைக் ஆன்ல இருந்தாலும் பரவாயில்லைங்கற மாதிரி பேசிட்டா பார்க்கவே வேண்டியதில்ல. எனக்கு இது இப்பத்தான் புரிஞ்சுது.